அண்டை நாட்டில் நாம் நடத்திய யுத்தம்

(தாம்பரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஒரு வல்லரசு பக்கத்து நாட்டில் புகுந்து, அங்கே ஆயுதம் தூக்கிய கலகக்காரர்களோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இப்படிச் சொன்னதும் உங்களில் மூத்தவர்களுக்கு வியட்நாம் ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு ஆப்கானிஸ்தான் ஞாபகம் வரும். அவற்றையும் சொல்கிறேன். ஆனால் அவ்வளவு தூரம் போவானேன்? நம் சர்க்காரே, நம் பட்டாளத்தை அனுப்பி, நம் பாஷை பேசுகிற ஜனங்கள் வாழும் மண்ணில் நடத்திய யுத்தம் ஒன்று இருக்கிறது. 1987 ஜூலை மாதம் இலங்கையில் கால் வைத்த இந்தியப் படை 1990 மார்ச் 24-ஆம் தேதிதான் கடைசிக் கப்பல் ஏறியது. ஏறத்தாழ 32 மாதம்! இங்கே உட்கார்ந்திருக்கும் வாலிபர்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. அவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலும் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

“வல்லரசா, நாமா?” என்று சிலர் சிரிக்கிறீர்கள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கிறவனிடம் போய் “நீ வல்லரசுப் பிரஜை” என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அக்கரையிலிருந்து பாருங்கள். அன்றைக்கு நம் ஜனத்தொகை 78 கோடியைத் தாண்டியாயிற்று. அவர்களுடையது ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல். யானைக்குத் தன் பருமன் தெரியாது. அது படுத்துப் புரளும்போது பக்கத்தில் நிற்கிற ஆட்டுக்குட்டிக்குத் தெரியும்.

இந்தச் சண்டை நமக்குத் தூரத்துச் சண்டை அல்ல. இந்த ரயில் பாதையிலேயே வரிசையாகச் சொல்கிறேன். 1984 ஆகஸ்டு 2-ஆம் தேதி இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கொழும்பில் வெடிக்க வேண்டும் என்று ஒரு தமிழ் ஆயுதக் குழு அனுப்பிய பெட்டி அது, இங்கேயே வெடித்தது. அதற்கு அடுத்த பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் பள்ளி இருக்கிறது. அங்கே பயின்று 1972-இல் அதிகாரியானவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் என்ற தமிழர். 1987 நவம்பர் 25-ஆம் தேதி யாழ்ப்பாணத்துப் பக்கத்தில், மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் தன் ஆட்களுக்கு உத்தரவிட்டுக்கொண்டே உயிர்விட்டார். அந்த யுத்தத்துக்காகப் பரம வீர சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. இந்தப் பக்கம் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 இரவு அங்கே நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் அந்த நினைவுச் சின்னத்தைத் தினமும் தாண்டிப் போகிறீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இலங்கையில் தமிழனுக்கும் சிங்களவனுக்கும் சண்டை, அது பரம்பரைப் பகை என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். 1948-இல் சுதந்திரம் வந்த கையோடு அந்த நாட்டுச் சர்க்கார் செய்த முதல் காரியங்களில் ஒன்று என்ன தெரியுமா? தேயிலைத் தோட்டத்தில் உழைத்த லட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளிகளின் பிரஜா உரிமையைப் பறித்தது. அடுத்த வருஷம் வோட்டும் போயிற்று. திருச்சி, சேலம், ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன கூலிகளின் பிள்ளைகள் அவர்கள். 1964-இல் டெல்லியும் கொழும்பும் உட்கார்ந்து, ஐந்தேகால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டன. சந்தையில் மாடு பிரிப்பதுபோல! அந்தத் தொழிலாளியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது.

1977-இல் ஜயவர்த்தனா ஆட்சிக்கு வந்தார். அந்நிய மூலதனத்துக்குக் கதவைத் திறந்தார். கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. நம் தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் வேலி போட்டு ஏற்றுமதி வலயம் திறந்தார்களே, அதற்கு அண்ணன் அது. 1980 ஜூலையில் தொழிலாளிகள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்களவனும் தமிழனும் முஸ்லிமும் சேர்ந்து செய்த வேலைநிறுத்தம். ஜயவர்த்தனா என்ன செய்தார்? ஒரே அடியில் 40,000 பேருக்கு மேல் வேலை நீக்கம்! குடும்பம் குடும்பமாகத் தெருவுக்கு வந்தார்கள்; தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. சங்கங்களின் முதுகெலும்பு முறிந்தது. அதற்கு அடுத்த வருஷம், 1981-இல், யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களை வீடு புகுந்து வெட்டினார்கள், எரித்தார்கள். அந்த இரண்டு ஜூலைகளையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. சங்கம் உயிரோடிருந்தால் தெருவில் குறுக்கே நிற்க ஆள் இருந்திருக்கும்.

1983-க்குப் பிறகுதான் நம் டெல்லி சர்க்கார் களத்தில் இறங்குகிறது. தமிழ் இளைஞர் குழுக்களுக்கு இந்தியாவிலேயே ஆயுதப் பயிற்சி. தமிழ்நாட்டிலும் வடக்கே டேராடூன் பக்கத்திலும் முகாம்கள். நம் ஜனங்கள் மனம் கொதித்துப் பணமும் அரிசியும் கொடுத்தார்கள். அது உண்மையான அனுதாபம். ஆனால் டெல்லிக்கு இருந்தது அனுதாபம் மட்டுமா? ஜயவர்த்தனா அமெரிக்காவின் பக்கம் சாய்ந்தார். அவரை வழிக்குக் கொண்டுவர ஒரு சாட்டை தேவைப்பட்டது. அந்தச் சாட்டையாக ஆனவர்கள் யாழ்ப்பாணத்து வாலிபர்கள். ஒரு குழு அல்ல, பல குழுக்கள். ஒன்றை ஒன்று கண்காணிக்கும்படி எல்லோருக்கும் துப்பாக்கி. 1986-இல் விடுதலைப் புலிகள் டெலோ குழுவின் ஆட்களைச் சுட்டு ஒழித்தபோது இரண்டு பக்கமும் இருந்தவை நம் முகாமில் பழகிய கைகள்.

1987 மே மாதம் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெரிய தாக்குதல் தொடங்கியது. ஜூன் மாதம் ராமேஸ்வரத்திலிருந்து படகுகளில் உணவுப் பொருள் அனுப்பினார்கள். இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள், ஜூன் 4-ஆம் தேதி, நம் விமானங்கள் பெங்களூரிலிருந்து கிளம்பி, போர் விமானங்கள் காவலுக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் மூட்டைகளைப் போட்டன. மூட்டையில் இருந்தது அரிசியும் பருப்பும்தான். ஆனால் கொழும்புக்கு அது சொன்ன சேதி வேறு.

ஜூலை 29-ஆம் தேதி ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் ஒரு சிங்களக் கடற்படை வீரன் நம் பிரதமரைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். ஒப்பந்தம் எவ்வளவு பிரியமாக வரவேற்கப்பட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி!

அந்த ஒப்பந்தத்தை நான் அப்படியே தூக்கியெறிய மாட்டேன். வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் ஜனங்கள் காலங்காலமாக வாழ்ந்த பிரதேசம் என்று கொழும்பு முதல் தடவையாக எழுத்தில் ஒப்புக்கொண்டது. மாகாண சபைகள் வந்தன. தமிழும் ஆட்சிமொழி என்றாயிற்று. இவை சின்ன விஷயங்கள் அல்ல. ஆனால் ஒப்பந்தத்தோடு இரண்டு தலைவர்களும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார்கள். அதைப் படிக்க வேண்டும். திரிகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டு ராணுவத்துக்கும் தரக் கூடாது. அங்கே வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தொட்டிகளை இந்தியாவும் இலங்கையும் கூட்டாக நடத்த வேண்டும். அந்நிய வானொலி நிலையங்களை மறுபரிசீலனை செய்ய வேண்டும். அந்தக் கடிதங்களுக்குள் துறைமுகமும் எண்ணெயும் இருந்தன. 1983-இல் வீடு எரிந்தவனின் வீடு இல்லை. 2022 ஜனவரியிலும் அதே 99 தொட்டிகளுக்குத்தான் மறுபடி உடன்படிக்கை போட்டார்கள். 35 வருஷத்தில் ஆள் மாறினார்கள், தொட்டி மாறவில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் இரண்டு பேர். சண்டை போட்டுக்கொண்டிருந்த புலிகள் கையெழுத்திடவில்லை. அவர்களிடமிருந்து ஆயுதத்தை வாங்கி வைக்கிற வேலை யாருக்கு? நம் சிப்பாய்க்கு!

முதலில் மாலை போட்டு வரவேற்றார்கள். யாழ்ப்பாணத்துத் தாய்மார்கள் நம் சிப்பாய்களுக்குப் பலகாரம் கொடுத்தார்கள். இரண்டே மாதம். செப்டம்பரில் திலீபன் என்ற இளைஞர் நல்லூரில் ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்காமல் உண்ணாவிரதம் இருந்து 26-ஆம் தேதி செத்தார். அக்டோபர் முதல் வாரத்தில் இலங்கைக் கடற்படை 17 புலிகளைக் கடலில் பிடித்தது. கொழும்புக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்றதும் அவர்கள் பலாலியில் சயனைடு கடித்தார்கள். 12 பேர் மாண்டார்கள். பதிலுக்குப் புலிகள் கிழக்கே ஒன்றுமறியாத சிங்கள ஜனங்களைக் கொன்றார்கள். அக்டோபர் 10-ஆம் தேதி யுத்தம் ஆரம்பம். சமாதானம் காக்கப் போன படை!

விவசாயத் தொழிலாளர்களாகிய நீங்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். அக்டோபர் 11-ஆம் தேதி நள்ளிரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரை இறக்கினார்கள். புலித் தலைவர்களை ஒரே இரவில் பிடித்துவிடலாம் என்பது திட்டம். புலிகளோ ரேடியோவில் பேச்சைக் கேட்டுக் காத்திருந்தார்கள். ஹெலிகாப்டர்கள் மேற்கொண்டு ஆள் இறக்க முடியாமல் திரும்பின. 30 பேரில் 29 பேர் செத்தார்கள்; ஒருவர் பிடிபட்டார். அந்த ரெஜிமெண்டில் யாரைச் சேர்க்கிறார்கள் தெரியுமா? பஞ்சாபின் மஜபி, ராம்தாசியா சீக்கியர்களை. நிலம் இல்லாத, அடுத்தவன் வயலில் கூலி வேலை செய்கிற, ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் குடியிருக்கிற தாழ்த்தப்பட்ட ஜனங்கள். பரமேஸ்வரன் தலைமை தாங்கிய பட்டாளம் மஹர் ரெஜிமெண்ட். மகாராஷ்டிரத்துத் தாழ்த்தப்பட்ட ஜனங்களின் பெயரால் அமைந்தது. நம் மதராஸ் ரெஜிமெண்டும் போயிற்று. பஞ்சாபின் கூலிக்காரன் மகனுக்கு யாழ்ப்பாணத்துப் பனங்காட்டில் என்ன பகை? அவனுக்குத் தமிழ் தெரியாது. தகப்பன் பெயர் கேட்டால்கூடப் பதில் புரியாது. எவன் புலி, எவன் பள்ளி மாணவன் என்று எப்படிக் கண்டுபிடிப்பான்? பயந்தவன் கையில் துப்பாக்கி இருந்தால் முன்னால் நிற்கிறவன் எல்லாம் எதிரிதான்.

அதன் விளைவைச் சொல்லாமல் விட முடியாது. அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நம் படை நுழைந்தது. எக்ஸ்ரே அறை, வெளிநோயாளர் பகுதி எல்லாவற்றிலும் சுட்டார்கள். நோயாளிகளும் வைத்தியர்களும் நர்சுகளும் சிப்பந்திகளுமாக 60-க்கும் மேற்பட்டவர்கள் பிணமானார்கள். உயிர் பிழைத்தவர்கள் பிணங்களுக்கு நடுவே அசையாமல் இரவு முழுவதும் கிடந்தார்கள். மறுநாள் காலையில் குழந்தை வைத்தியர் சிவபாதசுந்தரம் நர்சுகளை அழைத்துக்கொண்டு, கையைத் தூக்கியபடி, “நாங்கள் டாக்டர்கள்” என்று குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். அவரையும் சுட்டார்கள். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள், நடுவில் சிக்கிச் செத்தார்கள் என்றது ராணுவம். படை உள்ளே வந்தபோது அங்கே எதிர்த்துச் சுட யாரும் இல்லை என்றார்கள் தப்பிப் பிழைத்தவர்கள். அதற்காக ஒருவராவது தண்டிக்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் மறுபடியும். சந்தைப் பக்கம் ரோந்து வந்த சிப்பாய்கள் ஆறு பேரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். உடனே ஊரின் மேல் பாய்ந்தார்கள். 60-க்கும் மேற்பட்ட சாதாரண ஜனங்கள் செத்தார்கள், வீடுகள் எரிந்தன. பெண்கள் மானபங்கப்பட்ட செய்திகளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்களே எழுதி வைத்தார்கள். ‘முறிந்த பனை’ என்ற அந்த நூலை எழுதியவர்களில் ஒருவர் டாக்டர் ராஜினி திராணகம. இந்தியப் படை செய்ததையும் எழுதினார், புலிகள் செய்ததையும் எழுதினார். 1989 செப்டம்பர் 21-ஆம் தேதி சைக்கிளில் வீடு திரும்பும்போது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவன் இந்தியச் சிப்பாய் அல்ல. புலிகள் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம்.

இப்போது உங்களில் ஒருவர் கேட்கலாம்: “இந்தியா ஆக்கிரமிக்கவில்லையே, ஜயவர்த்தனா கூப்பிட்டுத்தானே போயிற்று?” நல்ல கேள்வி. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குப் போனபோதும் அழைப்பின் பேரில் போவதாகத்தான் சொல்லப்பட்டது. 1989 பிப்ரவரி 15-இல் திரும்பும்போது அந்தப் படையில் ஏறத்தாழ 15,000 பேர் செத்திருந்தார்கள்; ஆப்கன் ஜனங்களில் செத்தவர்கள் லட்சக்கணக்கில். வியட்நாமில் அமெரிக்காவையும் சைகோன் சர்க்கார் கூப்பிட்டதுதான். அமெரிக்கச் சிப்பாய்களே 58,000 பேர் மாண்டார்கள். அதே அமெரிக்கா 2001-இல் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்து, இருபது வருஷம் குண்டு போட்டு, 2021 ஆகஸ்டில் யாரை விரட்டப் போனதோ அவர்களிடமே காபூலைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியது. இந்த யுத்தங்களின் நியாய அநியாயம் ஒன்றல்ல. நாபாம் குண்டு போட்டவனையும் மற்றவனையும் ஒரே தராசில் நான் நிறுத்தவில்லை. ஆனால் மாளிகையில் இருப்பவன் கூப்பிட்டான் என்பதால் குடிசையில் இருப்பவன் கூப்பிட்டதாக ஆகிவிடாது. கூப்பிட்டவன் நாளைக்கு மாறிவிடுவான்.

மாறத்தான் மாறினான். தெற்கே சிங்களப் பகுதியில் ஜனதா விமுக்தி பெரமுனா, அதாவது ஜே.வி.பி., இந்தியப் படைக்கு எதிராகக் கிளம்பியது. இந்தியச் சாமான் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஒப்பந்தத்தை ஆதரித்த இடதுசாரித் தலைவர்களையும் சங்கத் தோழர்களையும் சுட்டது. சிங்கள ஜனங்கள் நேசித்த நடிகர் விஜய குமாரதுங்காவை 1988 பிப்ரவரியில் கொன்றது. பதிலுக்குச் சர்க்கார் பல்லாயிரம் சிங்கள வாலிபர்களைக் கொன்று டயர் போட்டு எரித்தது. (அதே கட்சியைச் சேர்ந்தவர் 2024-இல் ஜனாதிபதியானார், 2025 ஏப்ரலில் இந்தியாவோடு பாதுகாப்பு உடன்படிக்கையும் செய்துகொண்டார். அரசியலில் இப்படியும் நடக்கும்.) 1989 ஜனவரியில் பிரேமதாசா ஜனாதிபதியானார். ஜூன் மாதம், இந்தியப் படை ஜூலை 29-க்குள் வெளியேற வேண்டும் என்றார். அதோடு நிற்கவில்லை, நம் படையோடு சண்டை போடப் புலிகளுக்கு ரகசியமாக ஆயுதம் கொடுத்தார்! யோசித்துப் பாருங்கள். முதல் ஜனாதிபதி கூப்பிட்டார் என்று போன சிப்பாய், அடுத்த ஜனாதிபதி கொடுத்த துப்பாக்கியால் சாகிறான். அந்தப் பிரேமதாசாவும் 1993 மே தின ஊர்வலத்தில் புலிகளின் மனிதக் குண்டுக்கு இரையானார்.

நம் படை கிளம்புகிற நேரத்தில் இன்னொரு அநியாயம் நடந்தது. போவதற்கு முன் உள்ளூரில் ஒரு காவல் படை வேண்டும் என்று, மாகாண சபையை நடத்திய குழு தெருவில் போகிற தமிழ்ப் பையன்களைப் பிடித்துக் கட்டாயமாகச் சேர்த்தது. ஆயுதம் இந்தியாவுடையது. பள்ளிக்கூடப் பையன்கள்! நாம் கப்பல் ஏறினோம். புலிகள் அவர்களை வேட்டையாடினார்கள்.

ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்கள் அங்கே செத்தார்கள். காயம் பட்டவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு கட்டத்தில் அங்கே இருந்த படை 70,000-க்கும் அதிகம். அந்தப் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழனைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்றார். தமிழ்நாட்டில் பலர் அதை மெச்சினார்கள், பலர் திட்டினார்கள். என்னைக் கேட்டால், துறைமுகத்தில் முகம் திருப்பிக்கொள்வது சுலபம். காலை இழந்து இறங்கிய சிப்பாய்க்கு அந்த உத்தரவைப் போட்டவர்கள் டெல்லியில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் கணக்குக் கேட்டிருக்க வேண்டும். இவ்வளவு பேர் செத்த யுத்தத்துக்கு யார் பொறுப்பு என்று சர்க்கார் பகிரங்க விசாரணை நடத்தி ஜனங்கள் முன் அறிக்கை வைத்ததுண்டா? கார்கிலுக்குப் பிறகு ஒரு கமிட்டி போட்டார்கள். இதற்கு அதுகூட இல்லை.

இதை ஏன் இன்றைக்குப் பேச வேண்டும்? 2022-இல் அக்னிபத் என்று ஒரு திட்டம் வந்தது. நாலு வருஷம் பட்டாளத்தில் வேலை; அதன் பிறகு நாலில் ஒருவனுக்குத்தான் நீடிப்பு, மற்ற மூன்று பேருக்கு ஒரு தொகையோடு வீடு, பென்ஷன் கிடையாது. ஆள் சேர்ப்பு வரிசையில் யார் பிள்ளைகள் நிற்கிறார்கள்? மில் முதலாளியின் மகனா? ஒப்பந்தக் கூலியாகத்தான் ஆலையிலும் வேலை, ஒப்பந்தக் கூலியாகத்தான் யுத்தத்திலும் வேலை என்று ஆகிவிட்டது. அடுத்த தடவை எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் போகப்போவது உங்கள் வீட்டுப் பிள்ளை. எதற்கு, யாருக்காக, எத்தனை நாளைக்கு என்று அனுப்புவதற்கு முன்னால் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. 1987-இல் நாடாளுமன்றத்தில்கூட முன்கூட்டி விவாதம் நடத்தாமல்தான் படை போயிற்று.

கடைசியாக ஒன்று, இது உங்கள் சங்கத்துக்கு உடனடி வேலை. அந்தச் சண்டையிலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். சென்னையைச் சுற்றியும், கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும், இருக்கிறார்கள். 2021-இல் முகாமின் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். பிரஜா உரிமை வரவில்லை. 2019-இல் திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் மூன்று நாடுகளின் பெயர் இருக்கிறது, இலங்கை இல்லை. அவர்களில் ஆண்கள் பலர் பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போகிறார்கள். பல்லாவரத்திலும் மேடவாக்கத்திலும் மாடி மாடியாக எழும்புகிற கட்டடங்களில் உங்களோடு சாரத்தில் நிற்கிறவர்களில் அவர்களும் இருக்கலாம். முகாமில் ஆஜர் கொடுக்க வேண்டும் என்று அவசரப்படுகிறவனிடம் மேஸ்திரி பேரம் பேசுகிறான். பேசிய கூலியில் பிடித்துக்கொள்கிறான். புகார் கொடுக்க அவனுக்குப் பயம். உங்கள் கட்டடத்தில் அப்படி யார் யார் இருக்கிறார்கள் என்று இந்த வாரமே விசாரியுங்கள். அவர்கள் பெயரைச் சங்கப் புத்தகத்தில் எழுதுங்கள். சம கூலிக்கு நீங்கள் முன்னால் நின்று பேசுங்கள்.